குணத்தால் பெருகியதா நாமக்கல் முட்டை?

தொழிலில் வென்றவர்களிடம் பிறரிடம் இல்லாத சில மனக்குணங்கள் உண்டு என்பதும், துணிவு, விடாமுயற்சி, தன்னம்பிக்கை, தோல்வியில் துவளாமை ஆகிய அக்குணங்களே அவர்களை உயர்த்தின என்பதும் கல்லூரி மேடைகளிலும் தொழில்முனைவோர் பயிற்சி முகாம்களிலும் கேள்விக்கு இடமின்றி நிலைபெற்றுவிட்ட நம்பிக்கைகள். முட்டைக்கு நாமக்கல், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடு, லாரிக்குச் சங்ககிரி, ஜவ்வரிசிக்குச் சேலம் என்று நாடு முழுவதும் பெயர் பெற்றுவிட்ட ஒரு நிலப்பரப்பில், அதற்குத் தனியே சான்று தேட வேண்டியதில்லை என்றே பலரும் கருதுகின்றனர். ஆனால் அந்த நம்பிக்கைக்கு மிக வலுவான மறுப்பு இந்நிலப்பரப்பின் தொழில் வரலாற்றிலேயே இருக்கிறது.

இந்த நம்பிக்கைக்கு அறிவியல் சாயல் பூசியவர்களில் முதன்மையானவர் அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட். ஒரு செயலை முன்னிலும் சிறப்பாகச் செய்து முடிக்க வேண்டும் என்ற உள்ளுந்துதலைச் ‘சாதனை வேட்கை’ என்று வகைப்படுத்திய அவர், அவ்வேட்கை மிகுந்த சமூகங்களே பொருளாதாரத்தில் முன்னேறின என்று 1961-ல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். பின்னர் ஆந்திராவின் காக்கிநாடா வணிகர்களை ஐதராபாத்துக்கு வரவழைத்து அவ்வேட்கையைப் பயிற்சியால் ஊட்டவும் முயன்றார். பயிற்சி பெற்றவர்கள் தொழிலில் கூடுதல் முனைப்புக் காட்டினர் என்பதே அவர் கண்ட முடிவு. ஒரே ஊரின் வணிகர்கள் சேர்ந்து தங்கி, ஒருவரையொருவர் அறிந்து, ஒரே பேச்சோடு ஊர் திரும்பியதன் பயனில் எவ்வளவு மனத்துக்குரியது, எவ்வளவு உறவுக்குரியது என்று பிரித்துச் சொல்ல அம்முடிவு போதாது. துணிவைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் மோசம்: ராபர்ட் பிராக்ஹவுஸ் 1980-ல் வெளியிட்ட ஆய்வில், இடரை ஏற்கும் மனப்பாங்கில் தொழில்முனைவோருக்கும் சம்பளம் பெறும் மேலாளர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. பின்வந்த தொகுப்பாய்வுகள் சில சிறு வேறுபாடுகளைக் காட்டியிருப்பது உண்மையே. ஆனால் அவை ஒரு வட்டாரமே எழுந்ததை விளக்கும் அளவுக்குப் பெரியவையல்ல.

குணக் கோட்பாட்டின் அடிப்படைப் பிழை அது சான்று திரட்டும் முறையில் இருக்கிறது. வென்றவரை அழைத்துவந்து எப்படி வென்றீர்கள் என்று கேட்டால், அவர் தம் விடாமுயற்சியைச் சொல்வார். அதே விடாமுயற்சியோடு கடைசி ஏக்கரையும் அடகு வைத்து ஐந்தாவது ரிக் வண்டியை வாங்கி மூழ்கியவரை எந்த மேடையும் அழைப்பதில்லை என்பதால், அவரிடமும் அக்குணம் இருந்தது என்பது எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. வென்றவனிடம் உறுதி எனப்படுவது தோற்றவனிடம் பிடிவாதம் என்றும், வென்றவனின் துணிவு தோற்றவனின் பேராசை என்றும் பெயர் மாறுகிறது. முடிவு தெரிந்த பிறகு சூட்டப்படும் பெயரை அம்முடிவுக்குக் காரணமாகக் காட்டுவது ஆய்வாகாது.

ஜவ்வரிசியின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. இரண்டாம் உலகப் போரில் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமானதால் அங்கிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் மாவும் நின்றுபோன வேளையில்தான், 1943 வாக்கில், சேலம் வணிகர் மாணிக்கம் செட்டியாரும் பினாங்கில் அத்தொழிலை அறிந்திருந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து மரவள்ளிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கியதாக இத்தொழிலின் வரலாறு சொல்லப்படுகிறது. அவர்களின் திறமையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கடல்வழி திறந்திருந்தால் அத்திறமைக்குச் சந்தை வாய்த்திருக்காது. தொழில் பெருகிய பின்னரும், மூட்டையைத் தேக்கி வைக்க இடமும் கைமுதலும் இல்லாத ஆலைக்காரர்கள் வியாபாரி சொன்ன விலைக்கே விற்றுக்கொண்டிருந்தனர். 1981-ல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் உருவாகி, சரக்கைக் கிடங்கில் வாங்கி வைத்து, அதன்பேரில் முன்பணம் கொடுத்து, ரகசிய ஒப்பந்தப்புள்ளி வழியே விற்றுக் கொடுத்தபோது அந்நிலை மாறியது. 1980-ல் இருந்த ஆலைக்காரரின் மனமே 1983-லும் அவரிடம் இருந்தது. இடையில் வந்தவை ஒரு கிடங்கும் ஒரு விற்பனை முறையும்தான்.

முட்டையின் கதையும் வேறல்ல. முட்டைக்கோழி ஏறத்தாழ ஐந்தாம் மாதத்தில் முட்டையிடத் தொடங்கி ஓராண்டுக்கு மேல் இடுகிறது; நாளொன்றுக்கு 100 கிராமுக்குக் குறையாமல் தீவனம் தின்கிறது; உற்பத்திச் செலவின் பெரும்பகுதி மக்காச்சோளத்துக்கும் சோயாப் புண்ணாக்குக்குமே போய்விடுகிறது. விலை சரிகிறது என்பதற்காகக் கோழியைப் பட்டினி போடவோ, விலை ஏறும் என்று முட்டையை மாதக்கணக்கில் அடுக்கி வைக்கவோ முடியாது. இத்தொழிலில் பண்ணையாளரின் தன்னம்பிக்கையைவிட, அன்றைய விலை அறிவிப்பும், அதிலிருந்து வியாபாரிகள் கழித்துக்கொள்ளும் ‘மைனஸ்’ எவ்வளவு என்பதும், தீவனக் கடைக்காரர் பாக்கிக்கு எத்தனை நாள் பொறுப்பார் என்பதுமே லாபநட்டத்தை முடிவுசெய்கின்றன. விலையை அறிவிக்கும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தொடங்கியதும், தமிழக அரசின் சத்துணவுத் திட்டம் விரிவடைந்ததும் 1982-ல். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது 1985-ல். சத்துணவில் முட்டை சேர்ந்தது 1989-ல். இவற்றோடு ஊரிலேயே நின்ற லாரிகளையும் சேர்த்துப் பார்க்காமல் நாமக்கல்லின் எழுச்சியை மனத்திண்மையால் விளக்குவது, வரலாற்றின் பெரும்பகுதியை மூடி மறைப்பதாகும். இதற்கு மறுபக்கமும் உண்டு. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக்காய்ச்சல் கண்டபோது, நோயே எட்டாத நாமக்கல்லிலும் முட்டை விலை சரிந்தது. எந்தக் குணம் எவரை அதிலிருந்து காத்திருக்கும்?

தனிமனிதக் குணம் என்ற வாதம் தளரும்போது, அது வட்டாரக் குணமாகவும் சாதிக் குணமாகவும் மாறி வருவதைக் காணலாம். வறண்ட மண் உழைப்பாளிகளை உருவாக்கியது, கொங்குக்காரர் இரவு பகல் பாராமல் பாடுபடுவார் என்பது அதன் வடிவம். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்து சரத் சாரி 2004-ல் வெளியிட்ட நூல், கவுண்டர் முதலாளிகள் தம் உயர்வை உழைப்பின் கதையாகவே சொல்வதையும், அக்கதைக்குப் பின்னால் உறவு, கடன், கூட்டு, பெண்களின் உழைப்பு ஆகியவை நின்றதையும் விரிவாகக் காட்டுகிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளுக்கும் இது பொருந்தும்: அண்ணன் தம்பியும் மாமன் மச்சானும் பங்கு போட்டு, நிலப் பட்டாவை ஈடு காட்டி, சீட்டு எடுத்து, முதல் வண்டி வாங்கப்படுகிறது. அந்த வண்டியில் பாறைத்தூளைச் சுவாசித்துக்கொண்டு நள்ளிரவில் குழாய் இறக்கும் தொழிலாளி முதலாளியைவிடக் குறைவாக உழைப்பவரல்ல. அதே மண்ணில், அதே வறட்சியில், தலைமுறைகளாகப் பாடுபட்ட நிலமற்ற அருந்ததியர் குடும்பங்களிலிருந்து ரிக் முதலாளிகள் பெருகவில்லை என்றால், ஈடு காட்ட அவர்களிடம் பட்டா இல்லை என்பதையே முதலில் பேச வேண்டும். உழைப்பைக் குணமாக்கி அதை ஒரு சாதிக்கு உரிமையாக்குவது மற்றவரின் உழைப்பை அவமதிப்பதாகும்.

இந்த நம்பிக்கையின் கேடு கருத்தளவில் நிற்பதில்லை. தீவன விலை ஏறியதால் பண்ணையை மூடிய இளைஞன் தன்னிடம் ஏதோ குறை என்று நம்பி, உறவினர் முகத்தில் விழிக்கக் கூசுகிறான். தன் பெயரில் சொத்தில்லாததால் கடன் மறுக்கப்படும் பெண்ணுக்குத் தன்னம்பிக்கைப் பயிற்சி பரிந்துரைக்கப்படுகிறது. விலை நிர்ணயத்தையும் கடன் விதிகளையும் மாற்றக் கூடியவர்களுக்கு இந்த ஏற்பாடு மிக வசதியானது. தோல்வி தோற்றவரின் மனத்தோடு முடிந்துபோவதால் எவரும் அவர்களிடம் கணக்குக் கேட்பதில்லை. நாமக்கல்லில் தொழில்முனைவு கற்பிக்கும் வகுப்பு, மாணவர்களிடம் குணச் சோதனைத் தாளை நீட்டுவதை நிறுத்திவிட்டு, ஒரு பண்ணையின் ஓராண்டு முட்டை விலைக் குறிப்பையும், தீவனப் பாக்கிச் சீட்டுகளையும், முதல் கடனுக்கு ஈடாக நின்ற பட்டா யார் பெயரில் இருந்தது என்பதையும் அவர்கள் முன் வைக்கட்டும்.