பட்டாளத்துக்குப் போனவர்களின் பெயர்ப் பட்டியல் வேண்டும்
ஆவணக் காப்பக ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பக ஆணையர் அவர்களுக்கு,

முதல் உலகப் போரில் இராக்கின் பாஸ்ரா பக்கம் போய்த் திரும்பி வராத ஒருவரின் கொள்ளுப்பேத்தி நான். ஊர் திருவொற்றியூர். அவர் சிப்பாய் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். ஆனால் வீட்டில் இருப்பது வெண்கலத்தாலான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். சிப்பாய்களுக்கு அந்தப் பதக்கத்தை வெள்ளியில் கொடுத்தார்கள். தொழிலாளர் படை, சுமைதூக்கும் படை போன்றவற்றில் இருந்தவர்களுக்கே வெண்கலம். அவர் எந்தப் படையில் இருந்தார் என்பதே இன்னும் எங்களுக்குத் தெரியவில்லை.

அவருக்கு ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட்டது வேறு பெயர். பட்டாளத்து எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டது மூன்றாவது. ஊர் சேர்ந்திருந்த நிர்வாக எல்லையும் மாறியிருக்கிறது. அன்றைய திருவொற்றியூர் செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை தாலுகா. சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது 2011இல்தான். சென்னை என்று தேடுகிறவருக்கு அவர் அகப்படமாட்டார்.

பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்களைப் பெயர் சொல்லிப் பொறித்தார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையில் அடக்கிவிட்டார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நம் ஊர்களில் பதித்த போர் நினைவுக் கற்களிலும் இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் மாண்டார்கள் என்ற கணக்குத்தான். ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனின் குண்டு விழுந்த இடத்துக்கு உயர் நீதிமன்ற மதிலில் கல்வெட்டு வைத்த நகரம் இது. அதே போருக்குப் போன ராயபுரத்துக்காரர் ஒருவரை எங்கே போய்த் தேடுவது?

உங்கள் காப்பகத்தில் அரசாணைகள் துறை, எண், தேதி வரிசையில் இருக்கின்றன. நிர்வாகத்துக்கு அது சரியான முறை. குடும்பங்களிடம் எண்ணும் இல்லை, தேதியும் இல்லை. பெயர் மட்டுமே இருக்கிறது.

பஞ்சாபில் வழி பிறந்தது. 1919இல் ஊர் வாரியாகத் தொகுத்த பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. சுமார் 3,20,000 பேரின் விவரம் கொண்ட அவற்றை மின்னுருவாக்கி, 2021இல் முதல் பகுதியை எல்லோரும் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் வெளியிட்டார்கள். பேரப்பிள்ளைகள் தாத்தாவின் ஊரைச் சொல்லித் தேடலாம்.

நமக்கும் அதுபோல் ஒன்று வேண்டும். உங்கள் கோப்புகளில் போர்க்காலப் படைச் சேர்ப்பு, ஓய்வூதியம், குடும்ப உதவி பற்றியவை எவையெவை என்று பிரித்தெடுங்கள். அவற்றில் வரும் பெயர்களை ஊர், தாலுகா வாரியாகத் தொகுத்துத் தமிழிலும் வெளியிடுங்கள். முனுசாமி என்று தேடினால் முனிசாமியும் வர வேண்டும். பழைய தாலுகாவும் இன்றைய வார்டும் ஒருசேரத் தெரிய வேண்டும்.

வடசென்னையிலிருந்து தொடங்குங்கள். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூரில் முகாம் போட்டால், பதக்கங்களையும் பழைய பென்ஷன் தாள்களையும் எடுத்துக்கொண்டு மக்கள் வருவார்கள். அந்தப் பெயர்களைத் தம் பெற்றோர் வாயால் கேட்டவர்களுக்கு இன்று எண்பது வயதுக்கு மேல். அவர்கள் இருக்கும்போதே இந்தப் பணிக்கு உத்தரவிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
திருவொற்றியூர் வாசி ஒருத்தி