கைராசியும் கணக்கும்

பாரூரிலிருந்து ஒரு தோழர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தாயாருக்குப் பித்தப்பையில் கல். வயிற்றில் சிறு துளைகள் போட்டுப் பித்தப்பையை எடுத்துவிடலாம் என்று பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நாள் குறித்திருக்கிறார்களாம். “இந்த ஆப்பரேஷனை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று டாக்டரைக் கேட்கலாமா? கேட்டால் மரியாதைக் குறைவாகுமா? வீட்டுப் பெரியவர்கள், அவர் கைராசிக்காரர், நீ வாயை மூடிக்கொண்டிரு என்கிறார்கள்” என்பது அவருடைய கேள்வி.

கேட்கலாம் என்பது மாத்திரமல்ல, கேட்டே தீரவேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

நம் ஜனங்கள் கேள்வி கேட்கத் தெரியாதவர்கள் அல்ல. போச்சம்பள்ளிச் சந்தையில் ஒரு ஜோடி மாடு பிடிப்பதென்றால் பல்லைப் பார்க்கிறான், சுழியைப் பார்க்கிறான், நாலடி நடக்கவிட்டுப் பார்க்கிறான். (சுழி பார்ப்பது மூடத்தனம் என்பது வேறு சங்கதி.) போர் போட வருகிறவனை, இதற்கு முன் யார் யார் தோட்டத்தில் போட்டாய், எத்தனையில் தண்ணீர் வந்தது என்று விசாரியாமல் முன்பணம் கொடுப்பதில்லை. ஓசூர்த் தொழிற்பேட்டையில் லேத் முன்னால் நிற்க ஓர் ஆளை எடுப்பதானாலும் எத்தனை வருஷம் வேலை பார்த்தாய் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஆனால் பெற்ற தாயின் வயிற்றைக் கத்திக்கு ஒப்படைக்கும்போது மாத்திரம் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “எல்லாம் உங்க கையிலதான் சாமி” என்று நிற்கிறான். அந்த மனிதனே முந்திய நாள் ஜோசியனிடம் போய், நாள் எப்படி, நேரம் எப்படி, ராகுகாலம் எத்தனை மணிக்கு என்று நூறு கேள்வி கேட்டுவிட்டு வந்தவன்! கத்தி பிடிக்கிறவரைக் கேட்கவேண்டியதைப் பஞ்சாங்கம் பிடிக்கிறவனிடம் கேட்டால் என்ன பதில் கிடைக்கும்?

கைராசி என்பதுதான் என்ன? ஒரு டாக்டரிடம் போனவர்களில் பெரும்பாலோர் சுகமாகத் திரும்பினார்கள் என்பதை ஊரார் கணக்கு வைக்காமல் சொல்லும் பேச்சு. அதில் உண்மை இருக்கக்கூடும். கை பழகினவர் வேலை சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் பழக்கத்துக்கு ராசி என்று பெயர் வைத்தவுடன் விசாரணை நின்றுபோகிறது.

தோழர் சொல்லும் ஆப்பரேஷனையே எடுத்துக்கொள்வோம். துளை போட்டுச் செய்யும் முறை 1990-ஆம் வருஷத்தையொட்டிப் பல தேசங்களில் வேகமாகப் பரவியது. வயிற்றைத் திறந்து செய்து பேர் வாங்கிய டாக்டர்களும் திரையில் படத்தைப் பார்த்துக்கொண்டு நீளக் கம்பிகளால் வேலை செய்வதில் புதியவர்களாயிருந்தார்கள். பித்தக் குழாய் அறுபட்டுப் பலர் அவதிப்பட்டார்கள். 1992-இல் நியூயார்க் மாகாணச் சுகாதார இலாகா, தேர்ந்தவர் மேற்பார்வையில் 15 ஆப்பரேஷன்களாவது செய்த பிறகே ஒருவர் தனியாக இதில் இறங்கலாம் என்று சொல்லவேண்டியதாயிற்று. ஆகையால் “எனக்கு இருபது வருஷ சர்வீஸ்” என்பது போதிய பதிலாகாது. இந்த ஆப்பரேஷனை, இந்த முறையில், எத்தனை தடவை என்பதே கேள்வி.

இப்படிக் கேட்டவர்களுக்குப் பொய்ப் பதில் கிடைப்பதுமுண்டு. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்தில் மூளை இரத்தக் குழாயில் வீக்கம் கண்ட ஒரு பெண் டாக்டரைக் கேட்டார். அவர் டஜன் கணக்கில் செய்திருப்பதாகச் சொன்னார். அவ்வகை வீக்கத்தைப் பயிற்சி முடித்த பின் அவர் செய்தது இரண்டே தடவை. ஆப்பரேஷனில் அந்தப் பெண்ணின் கைகால்கள் விழுந்துவிட்டன. டாக்டரின் அனுபவம் நோயாளி தெரிந்துகொள்ளவேண்டிய விஷயமே என்று 1996-இல் அம்மாகாண உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று.

அமெரிக்கா வரை போவானேன்? நம் மணப்பாறையில் 2007-இல் நடந்தது என்ன? பதினைந்து வயதுப் பையன் ஒருவன், பள்ளிக்கூடத்தில் படிக்கிறவன், பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணின் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தான் என்ற செய்தி வந்தது. பெற்றோர் இருவரும் டாக்டர்கள். கின்னஸ் புத்தகத்தில் மகன் பெயர் வரவேண்டும் என்ற ஆசை! அதைப் படம் பிடித்து உள்ளூர் டாக்டர்கள் சங்கக் கூட்டத்திலேயே போட்டுக் காட்டினார்கள் என்றால், நோயாளியின் உடம்பு யாருடைய சொத்து என்று அவர்கள் நினைத்திருக்கவேண்டும்!

அப்படியானால் எண்ணிக்கை பெரிதாயிருந்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. சத்தீஸ்கரில் 50,000 கருத்தடை ஆப்பரேஷன் செய்தவர் என்று 2014-ஆம் வருஷத் தொடக்கத்தில் அரசாங்கத்தால் பாராட்டப்பட்டார் ஒரு டாக்டர். அதே வருஷம் நவம்பரில் பிலாஸ்பூருக்குப் பக்கத்தில், பூட்டிக் கிடந்த ஒரு கட்டடத்தில், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அவர் ஆப்பரேஷன் செய்தார். ஒரு நாளைக்கு 30-க்கு மேல் கூடாது என்பது சர்க்கார் விதி. அந்த முகாம்களுக்கு வந்தவர்களில் பதின்மூன்று பெண்கள் மாண்டார்கள். அசுத்தமா, மருந்தில் விஷமா என்று பிறகு சண்டை போட்டுக்கொண்டார்கள். மாண்டவர்கள் எல்லோரும் ஏழைகள் என்பதில் யாருக்கும் சண்டையில்லை. இப்படிப்பட்ட முகாம்களை மூன்று வருஷத்துக்குள் நிறுத்தவேண்டும் என்று 2016-இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகையால், எத்தனை செய்தீர்கள் என்பதோடு, அவர்கள் என்ன ஆனார்கள், எத்தனை பேருக்குக் குழாய் அறுபட்டது, எத்தனை பேருக்குப் பாதியில் வயிற்றைத் திறக்கவேண்டியதாயிற்று என்றும் கேட்கவேண்டும்.

எல்லோரும் இப்படிக் கேட்டால் இளம் டாக்டர்கள் எங்கே கற்பது என்று ஒரு டாக்டர் நண்பர் நம்மிடம் கோபித்துக்கொண்டார். நியாயமான ஆட்சேபணைதான். யாராவது ஒருவர் முதல் நோயாளியாக இருந்துதான் ஆகவேண்டும். ஆனால் அந்த முதல் நோயாளி எப்போதும் தர்ம ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருக்கும் கூலிக்காரனாகவே ஏன் இருக்கவேண்டும்? அவனுக்குத் தெரியாமல் ஏன் இருக்கவேண்டும்? “நான் செய்வேன், பெரிய டாக்டர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வார்” என்று சொன்னால் சம்மதிக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. மறைப்பதைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

நிற்க, கையெழுத்து விஷயம். நம் எல்லையோரத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற ஜனங்கள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வைத்தியத்துக்குப் போய், தமக்கு வாசிக்கத் தெரியாத பாஷைக் காகிதத்தில் ரேகை வைத்துவிட்டு வருகிறார்கள். 2008-இல் உச்சநீதிமன்றத்தில் தீர்ந்த வழக்கொன்றில், சோதித்துப் பார்க்க மட்டும் சம்மதித்த ஒரு பெண் மயக்கத்தில் கிடக்கையில், வெளியிலிருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். அது செல்லாது, உயிருக்கு உடனே ஆபத்தில்லாதபோது நோயாளியின் சம்மதமே வேண்டும், அதுவும் விவரம் சொல்லி வாங்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

ஆகவே நம் பாரூர்த் தோழர், ஆப்பரேஷனுக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய், நாற்காலியில் உட்கார்ந்து, கேள்விகளை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு கேட்கட்டும். காகிதத்தில் இருப்பதைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லட்டும். பதில் சொல்லாமல் சீறுகிறவராயிருந்தால் இன்னொரு டாக்டரிடம் போக வண்டியிருக்கிறது. தாயாரையும் வெளியே உட்காரவைக்காமல் கூடவே அழைத்துக்கொண்டு போய், முதல் கேள்வியை அவரையே கேட்கச் சொல்லட்டும். என்ன பதில் வந்தது என்று நமக்கும் ஒரு வரி எழுதட்டும்.