பல் வைத்த வட்டை கிரைண்டரில் மாட்டாதீர்கள்

போன மாதம் பழைய அலுவலக நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். இடது கையில் பெரிய கட்டு. ஓய்வு பெற்ற பிறகு மாடியில் சின்னதாக ஒரு பட்டறை போட்டுக்கொண்டு ஸ்டூல், பூஜை மணை என்று ஏதாவது செய்துகொண்டிருப்பவர். பேத்திக்கு ஊஞ்சல் பலகை அறுக்கும்போது மிஷின் உதைத்துத் திரும்பி, கட்டைவிரலின் தசைநாரை வெட்டிவிட்டது. இப்போது சட்டைப் பொத்தானை அவர் மனைவிதான் போட்டுவிடுகிறார்.

"என்னப்பா பண்றது, நேரம்" என்றார்.

அங்கே வைத்து எதிர்த்துப் பேச மனம் வரவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன். நேரமும் இல்லை, விதியும் இல்லை. ஆங்கிள் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் வட்டை மாட்டியதுதான் காரணம்.

கிரைண்டர் என்றதும் இட்லி மாவு நினைவுக்கு வருகிறவர்களுக்காக: நான் சொல்வது வெல்டிங் பட்டறையில் தீப்பொறி பறக்க இரும்பைத் தேய்க்கிறார்களே, அந்தக் கை மிஷின். இரும்பைத் தேய்க்கவும் வெட்டவும் செய்யப்பட்டது. அதில் தேய்க்கும் வட்டைக் கழற்றிவிட்டு, ரம்பப் பல் வைத்த 4 அங்குல வட்டை மாட்டி, இடைஞ்சலாக இருக்கிறது என்று காப்புத் தகட்டையும் கழற்றிவிட்டு, பலகை அறுக்கிறோம். ஊரில் பாதிப் பேர் செய்வது இதுதான். சிலர் கல் வெட்டும் மார்பிள் கட்டரில் இதே வட்டை மாட்டுகிறார்கள்.

நானும் செய்தவன்தான். கடையில் கேட்டபோது, "எல்லாரும் இதுலதான் சார் வெட்டுறாங்க" என்று மிஷினோடு வட்டையும் சேர்த்துப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் ஒரு வேப்பம் பலகையில் வைத்தேன். பாதி அறுத்ததும் பலகை தொய்ந்து வட்டைக் கவ்விக்கொண்டது. மிஷின் கையை விட்டுத் துள்ளி, மேசையில் அரை அங்குல ஆழத்துக்கு ஒரு கோடு கீறிவிட்டுத்தான் நின்றது. இரண்டு முழம் தள்ளி என் பேரன் உட்கார்ந்திருந்தான். அந்தக் கீறல் இன்னும் மேசையில் இருக்கிறது. அதை அடைக்க நான் விடவில்லை.

அன்று இரவுதான் கையேட்டை எடுத்துப் படித்தேன். பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன்; ஆங்கிலம் எனக்குத் தடுமாற்றம்தான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன். பல் உள்ள ரம்ப வட்டு எதையும் இதில் மாட்டாதே, மாட்டினால் மிஷின் அடிக்கடி உதைக்கும், பிடி தவறும் என்று தெளிவாகவே போட்டிருந்தது. எனக்கே புரிந்தது, விற்கிறவருக்குப் புரியாமலா இருக்கும்? முப்பத்தைந்து வருடம் ஃபைலில் அடுத்தவர் எழுதிய குறிப்பை ஒரு வரி விடாமல் படித்தவன், என் விரலுக்கான குறிப்பைப் படிக்கவில்லை.

ஒரு சின்னக் கணக்கு. இந்த மிஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. வட்டின் விட்டம் 100 மில்லிமீட்டர். விளிம்பிலுள்ள ஒரு பல் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஏதோ தவறு என்று மூளைக்குப் பட்டு கையை இழுக்க நமக்குக் கால் நொடியாவது ஆகும். அதற்குள் வட்டு நாற்பது சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். நம் வயதில் கால் நொடி போதுமா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

மரம் அறுக்கவென்றே செய்த வட்ட ரம்ப மிஷினைப் பாருங்கள். 7 அங்குல வட்டு, ஏறக்குறைய பாதிச் சுற்றுதான். அடியில் ஸ்பிரிங் வைத்த காப்பு, மரத்தை விட்டு வெளியே வந்த நொடியில் வட்டை மூடிக்கொள்ளும். விரலை எடுத்தால் விசை நின்றுவிடும். கிரைண்டரில் பெரும்பாலும் தள்ளு விசை. கையை விட்டுக் கீழே விழுந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"வீட்டுக்கு வரும் ஆசாரி இதில்தானே அறுக்கிறார்?" என்பார்கள். அறுக்கிறார். அவருக்கு அன்றைய வேலை அன்றைக்கு முடிந்தால்தான் கூலி. கையில் இருக்கும் ஒரே மிஷினில் எல்லா வேலையையும் முடிக்க வேண்டிய நிலைமை. அடுத்த முறை வரும்போது காபி கொடுத்துவிட்டு அவர் விரல்களைப் பாருங்கள், பத்தும் முழுதாக இருக்கிறதா என்று. நமக்கு என்ன அவசரம்? நம் ஊஞ்சல் பலகைக்காக எந்த ஒப்பந்தக்காரர் காத்திருக்கிறார்?

இன்னொன்றும் யோசியுங்கள். நம்மில் எத்தனை பேர் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறோம்? எத்தனை பேருக்குச் சர்க்கரை? இருபது வயதுப் பையனுக்கு ஒரு துணியைச் சுற்றினால் நிற்கிற ரத்தம் நமக்கு நிற்காது. அவனுக்குப் பத்து நாளில் ஆறுகிற புண் நமக்கு மாதக் கணக்கில் இழுக்கும்.

அப்படியானால் என்னதான் வாங்குவது? கிரைண்டருக்கும் வட்டுக்கும் கொடுக்கும் பணத்தில் முதலில் இவற்றை வாங்குங்கள். ஒரு நல்ல கைரம்பம். அரை அங்குலம், ஒரு அங்குலம் என இரண்டு உளி. ஒரு சின்ன இழைப்புளி. ஒரு மூலைமட்டம். ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் வழவழப்புமாக இருக்கும் எண்ணெய்க்கல் ஒன்று. இரண்டு சி கிளாம்ப்.

இதில் கிளாம்ப்தான் முதல். பிரெஞ்சில் தச்சு மேசையில் மரத்தை அழுத்திப் பிடிக்கும் இரும்புக் கொக்கிக்கு 'வலே' என்று பெயர். வேலையாள் என்று அர்த்தம். பிடிக்கிற வேலையை அந்த ஆளிடம் விட்டால் நம் இரண்டு கையும் கருவியில் இருக்கும், இரண்டும் கூர்முனைக்குப் பின்னால் இருக்கும். என் நண்பரின் இடது கை என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"கைரம்பம் இழுக்க எழுபது வயதில் தெம்பு வேண்டாமா?" தெம்பை விடக் கூர்மைதான் வேண்டும். மொட்டை உளியைத்தான் பலம் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கும். தள்ளும்போதுதான் வழுக்கிக் கையில் ஏறும். உளியை 25 முதல் 30 டிகிரிச் சாய்வில் கல்லில் ஒரே சீராகத் தேய்த்து, பின்பக்கத்தைப் படுக்கவைத்து எதிர்ப்பிசிறை எடுத்துவிடுங்கள். செய்தித்தாளின் ஓரம் கிழியாமல் நறுக்கென்று வெட்டுப்பட்டால் போதும். ஒரு வாரம் பழகினால் கை தானாகப் போகும். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் துருப்பிடித்த பழைய உளி ஒன்று வாங்கி, இப்படித்தான் பழகினேன். இன்றும் என்னிடம் இருப்பதில் அதுதான் நல்ல உளி.

நீளப் பலகையை நெடுக அறுக்க வேண்டுமா? மரக்கடையில் அளவு சொன்னால் அவர்களே அறுத்துக் கொடுப்பார்கள். பிளைவுட் கடையிலும் அப்படித்தான். மிஷின் இல்லாமல் முடியாது என்றால் ஜிக்சா வாங்குங்கள். அதன் அலகு மேலும் கீழும் போவது. கிரைண்டர் மாதிரித் துள்ளிக்கொண்டு நம்மேல் பாயாது. அதிலும் பலகையைக் கிளாம்பில் பூட்டிவிட்டுத்தான் அறுக்க வேண்டும், கண்ணாடி போட வேண்டும். சுற்றும் மிஷின் எதன் பக்கத்திலும் துணிக் கையுறை வேண்டாம், இழுத்துக்கொள்ளும்.

கிரைண்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கிப் போடச் சொல்லவில்லை. காப்புத் தகட்டோடு, இரும்புக்கான வட்டோடு, இரும்புக்கு மட்டும் இருக்கட்டும். பல் வட்டை மட்டும் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். பழைய இரும்புக்காரரிடம் போட்டால்கூட வேறு யாராவது வாங்கி மாட்டுவார்கள். என்னுடையதை ஆணி அடித்துப் பட்டறைச் சுவரில் மாட்டிவைத்திருக்கிறேன்.

நண்பரின் ஊஞ்சல் பலகையை நான் எடுத்து வந்துவிட்டேன். மீதியைக் கைரம்பத்தில்தான் அறுத்தேன், இரண்டு மாலை ஆனது. தீபாவளிக்கு முன் கொடுத்துவிடுவேன்.