கட்டப்பட்டது என்றால், கட்டியவர் யார்?

செயப்பாட்டு வினை மிக வசதியானது. ‘சுடப்பட்டனர்’ என்று எழுதினால் சுட்டவர் மறைந்துவிடுவார். எங்கள் நாட்டுப் பத்திரிகைகளில் அந்த வினை எத்தனை பேரைக் காப்பாற்றியது என்பது தனிக்கதை. கட்டடக்கலை பற்றி எழுதுவோரும் அதே வினையில்தான் ஒளிந்துகொள்கிறார்கள்.

அமெரிக்காவின் வேர்ஜினியாவில், பொட்டோமக் ஆற்றங்கரையில் உள்ள கன்ஸ்டன் ஹோல் 1755 முதல் 1759 வரை ‘கட்டப்பட்ட’ ஜோர்ஜியன் பாணிச் செங்கல் வீடு. ஒவ்வொரு வரியிலும் கல்லின் நெடும்பக்கமும் குறும்பக்கமும் மாறி மாறி வரும் பிளெமிஷ் கட்டு; மூலைகளில் மணற்கல்; நடுவில் கூடம், இருபுறமும் அறைகள். அதன் சமச்சீர் அழகை நானும் மறுக்கவில்லை. உள் அலங்காரத்தை வடிவமைத்த வில்லியம் பக்லண்ட், நான்கு வருட ஒப்பந்தத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த தச்சர். அவருடைய பெயர் வரலாற்றில் நிலைத்தது.

மற்றவர்களுடைய பெயர்கள்? வீட்டுக்காரர் ஜோர்ஜ் மேசன் 1776 இல் வேர்ஜினியா உரிமைப் பிரகடனத்தை வரைந்தவர். மனிதர் அனைவரும் இயல்பிலேயே சுதந்திரமானவர்கள் என்று எழுதியவர். அடிமை வாணிபத்தை 1787 இல் வன்மையாகக் கண்டித்தவரும் அவரே. ஆயினும் தம் உயிலில் ஓர் அடிமையையேனும் அவர் விடுவிக்கவில்லை. தந்தையின் அடிமைகளுள் தச்சர், கொல்லர், தோல் பதனிடுவோர், நெசவாளர் இருந்தனர் என்று மகன் ஜோன் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அவர்களிற் பலர் வாழ்ந்த ‘லொக் டவுன்’ என்ற குடியிருப்பு, வீட்டிலிருந்து பார்த்தாற் தெரியாதபடி மரங்களுக்குப் பின்னால் இருந்ததாம். பெரும்பாலும் செதுக்கிய பைன் மரத் துண்டங்களாலான குடிசைகள்.

இதுவும் கட்டடக்கலைதான். எதைக் காட்டுவது என்பதைப் போலவே எதை மறைப்பது என்பதும் திட்டத்தின் பகுதி. செங்கல் நின்றது, மரக் குடிசைகள் அழிந்தன.

‘கலையைக் கலையாகப் பாருங்கள், அரசியலைக் கலக்காதீர்கள்’ என்று சில நண்பர்கள் சொல்வார்கள். கலந்தவன் நானல்லன். அந்தச் சமச்சீரைக் குலையாமற் காத்தது, கண்ணுக்குத் தெரியாத அந்தக் குடியிருப்பின் உழைப்பு. அதை விட்டுவிட்டு வீட்டை விளக்குபவர் பாதி வரைபடத்தையே வாசிக்கிறார். கன்ஸ்டன் ஹோல் இன்று அருங்காட்சியகம். அடிமைகளின் கதையை அங்கே பேசுகிறார்கள். அழகை மட்டும் எழுதும் நூல்கள்தாம் இன்னும் வாய் திறக்கவில்லை.

கோரிக்கை சிறியது. ‘கட்டப்பட்டது’ என்று எழுதும்போது ஓர் எழுவாய் சேருங்கள். பெயர் கிடைக்காவிட்டால், ‘அடிமைகளும் ஒப்பந்தக் கூலிகளும் கட்டினார்கள்’ என்றாவது எழுதுங்கள். இலக்கணமும் பிழைக்கும், உண்மையும் பிழைக்கும்.