மரக்கட்டையைக் கழற்றாதே

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை பேரன் பழைய ராணுவத் துப்பாக்கிகள் சேர்க்கிறான். லீவில் கோவில்பட்டி வந்தவனைக் கயத்தாறுக்கு அழைத்துப் போனேன். திரும்பும் வழியில் சொன்னான்: “தாத்தா, இஷாப்பூர் 410 ஒண்ணு வாங்கியிருக்கேன். யாரோ கெடுத்து வச்ச 303. உள்ளே அடைச்ச மரக்கட்டையைக் கழற்றிட்டுப் பழையபடி ஆக்கணும். அப்பத்தான் மதிப்பு.”

எனக்குச் சுருக்கென்றது. நான் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் கருவூல வாசலில் காவலர் தோளில் பார்த்த மஸ்கட் அது. லீ என்ஃபீல்டு 303-இன் குழலைக் குடைந்து, உள்ளே சுற்றியோடும் வரிப்பள்ளத்தை அழித்துவிட்டார்கள். தோட்டாக்கள் வரிசையாக உட்காரும் இடத்தில் மரக்கட்டை. ஒரு வெடி வெடித்தால் அடுத்ததைக் கையால்தான் போட வேண்டும். இதையா ‘யாரோ கெடுத்தது’ என்பது? வெள்ளைக்கார சர்க்கார் யோசித்துச் செய்த வேலை ஐயா அது!

பழக்கமும் புதிதல்ல. 1857 கலகத்துக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்க்கென்றே 1858 மாதிரி என்ஃபீல்டு வந்தது. வரிப்பள்ளம் இல்லாத வழவழப்பான குழல். தூரத்துக்கேற்ப ஏற்றி இறக்கும் குறிகாட்டி போய், அசையாத ஒரு கட்டை. சம்பளம் வாங்குகிற தன் சிப்பாயே தூரத்தில் குறி தவற வேண்டுமென்று ஒரு சர்க்கார் விரும்பியது. அதற்கும் முன்னால், பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்த 1801-லேயே நம் கரிசல்காட்டில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது கம்பெனி.

நான் பிரெஞ்சில் படித்தவன். அந்த நாட்டுக் கதையும் கொஞ்சம் தெரியும். 1870 போரில் தோற்றபின் காகிதத் தோட்டா போட்ட ஷஸ்போவை உலோகத் தோட்டாவுக்கு மாற்றினார்கள். 1914-இல் லெபெல் துப்பாக்கி போதாதபோது, கிழட்டு கிரா துப்பாக்கிக்கு 8 மி.மீ. குழல் மாட்டினார்கள். அதுவும் மாற்றம்தான். ஆனால் தன் ஆள் கையை பலப்படுத்த. நம் விஷயத்தில் நேர்மாறு. இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்து ‘மாற்றப்பட்டது, விலை குறைவு’ என்று எழுதுகிறவர்களுக்குக் கண் இருக்கிறதா?

இன்னொரு கூட்டம், அந்தத் தோட்டா கிடைக்கவில்லை என்று கடைத் தோட்டாவுக்கு ஏற்ப அறையை மறுபடி குடைகிறதாம். அடையாளமே போயிற்று.

ஊர் திரும்பியவனுக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு போட்டோ வந்தது. கட்டை அதனிடத்தில்தான் இருந்தது. அது என்ன மரம் தாத்தா என்று கேட்டிருந்தான்.