உறுப்பும் இணைப்பும்

கணினியோடு ஒரு படக்கருவியைச் சேர்த்தமாத்திரத்தே படம் தானே திரையில் தோன்றிவிடும் என்பது பலர் எண்ணம். யு.எஸ்.பி. வழியே பொருத்தும் எளிய வெப்கேமராவைப் பொறுத்தமட்டில் அவ்வெண்ணம் பிழையன்று. ஒளியை உணர்தல், நிறந் திருத்தல், அளவைச் சுருக்கல் ஆகிய தொழில்களையெல்லாம் அது தன்னகத்தே முடித்து, ஆக்கிய படத்தையே கணினிக்கு ஈகின்றது. ஆதலின் லினக்ஸ் இயங்குதளம் அதனை ஒரே கோப்பின் பெயரால் வழங்கினும் குறைவதொன்றில்லை.

கைப்பேசியின் நிலை வேறு. அதன்கண் உள்ள படக்கருவி தனிப்பொருளன்று. பல உறுப்புக்களின் கூட்டம். நோக்கியா நிறுவனத்தார் 2009இல் வெளியிட்ட என்900 என்னும் கைப்பேசியை எடுத்துக்கொள்வோம். அதன் ஓமாப்3 சில்லினுள், உணரி அனுப்பும் பண்படாத் தரவை ஏற்பது ஓருறுப்பு. அதனை நிறமுடைய படமாக்குவது மற்றோருறுப்பு. படத்தைப் பெருக்கியும் சுருக்கியும் அமைப்பது பிறிதோருறுப்பு. ஒளி மிகையோ குறைவோ எனக் கணக்கெடுப்பன வேறு சில. இவை ஒரே நேர்க்கோட்டில் நிற்பனவும் அல்ல. முதலுறுப்பினின்று வெளிப்படுந் தரவு நேரே நினைவகம் புகலாம். நிறமாக்கும் உறுப்பிற்குச் செல்லலாம். நிறம் முன்னரே அமைந்ததாயின், அளவமைக்கும் உறுப்பினை நேரே அடையலாம். நினைவகத்துட் சென்று தங்கிய தரவு மீண்டுவந்து இடையே புகுதலும் உண்டு. இத்துணை வழிகளையும் ஒரு கோப்பின் பெயருக்குள் அடக்குதல் யாங்ஙனம் கூடும்?

இவ்விடர்ப்பாட்டினின்று பிறந்ததே மீடியா கண்ட்ரோலர் என்னும் அமைப்பு. லோரான் பின்ஷார் முதலியோர் முயற்சியால், 2011ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த லினக்ஸ் 2.6.39ஆம் பதிப்பில் அஃது இடம்பெற்றது. கருவி முழுவதையும் அது முனைகளும் அவற்றைச் சேர்க்கும் கோடுகளுமாகிய ஒரு கோட்டுருவாகக் கொள்கின்றது. உறுப்புக்களே முனைகள். தரவு புகுதற்கும் வெளிப்படுதற்கும் உறுப்புக்கள் தத்தமக்கேற்ற வாயில்களை உடையன. ஒன்றன் வெளிவாயிலை மற்றொன்றன் புகுவாயிலோடு சேர்ப்பது இணைப்பு. இணைப்புக்களுட் சில மாற்றவொண்ணாதன. ஏனையவற்றை வேண்டியவாறு திறக்கவும் அடைக்கவும் கூடும்.

தமிழ் பயில்வார்க்கு இதன்கண் ஓர் இன்பம் உண்டு. நிலைமொழியின் ஈற்றையும் வருமொழியின் முதலையும் நோக்கியே புணர்ச்சி அமையும் என்பது நாம் அறிந்தது. ஈண்டும் அவ்வாறே. இணைப்பின் இருதலையிலும் படத்தின் அகலமும் உயரமும் நிறவமைப்பும் ஒத்தல் வேண்டும். ஒவ்வாவிடின், படவோட்டந் தொடங்கும்போதே 'உடைந்த குழாய்' என்னும் பிழைச்செய்தி எழும். தோன்றல், திரிதல், கெடுதல் என்பன செய்து தானே பொருத்திக்கொள்ளும் கருணை கர்னலுக்கு இல்லை போலும்!

இக்கடுமையையே சிலர் குறை கூறுவர். முகம் பார்த்து உரையாட விரும்பும் ஒருவர் சில்லின் உள்ளமைப்பைக் கற்றல் வேண்டுமோ என்றும், வழியைக் கர்னலே தெரிந்துகொண்டாலென்ன என்றும் வினவுவர். யாம் இதற்கு உடன்படோம். உரையாடுவார்க்குச் சிறிய படம் விரைந்து ஓடுதல் போதும். விண்மீன்களைப் படம்பிடிப்பார்க்கோ பண்படாத் தரவே பொன் போன்றது. இவருள் யாவர் வந்துள்ளார் என்பதைக் கர்னல் எவ்வாறு அறியும்? அறியாதது ஊகித்து ஒரு வழியை நிறுவுமாயின், மற்றை வழிகள் இருந்தும் இல்லாதனவாய் ஒழியும். வழி தெரிதல் கர்னலுக்கு மேலுள்ள ஒரு நூலகத்தின் கடமை. 2018இல் தொடங்கிய லிப்கேமரா அக்கடமையைத் தான் மேற்கொண்டது. கருவிதோறும் உரிய வழியை அறிந்து, பயன்படுத்துவார்க்கு எளிய முகத்தைக் காட்டுகின்றது.

ஆயினும் ஒரு குறையை யாமும் மறோம். கோட்டுரு உறுப்பின் பெயரைக் காட்டுமேயன்றி, உறுப்பினுள் நிகழ்வதைக் காட்டாது. இன்டெல் நிறுவனத்தாரின் ஐ.பி.யு.6 என்னும் பகுதியைக் கொண்ட மடிக்கணினிகள் பலவற்றில் லினக்ஸை நிறுவினோர், விலைகொடுத்து வாங்கிய பொருளின் கண் குருடாயிருத்தலைக் கண்டனர். 2024இல் வந்த லினக்ஸ் 6.10இல் அதற்கெனச் சேர்ந்தது தரவை உள்வாங்கும் பகுதிக்குரிய இயக்கி மட்டுமே. படத்தைப் பண்படுத்தும் பகுதிக்குரியது அன்று சேரவில்லை. அப்பணியைக் கணினியின் முதன்மைச் செயலியே மென்பொருளால் செய்யவேண்டியதாயிற்று. பண்படுத்தற்கென்றே அமைந்த உறுப்பு அருகிற் சும்மா கிடக்க, வேறொன்று மின்னைச் செலவிட்டு வருந்தியது! இஃது கோட்டுருவின் குற்றமன்று. உறுப்பின் இயல்பை வெளியிடாதார் குற்றமே.

வெளியிடல் இயலாததும் அன்று. ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியிலும் முன்னர்ப் படத்தொழில் முழுவதும் மூடிய மென்பொருளுள் மறைந்து கிடந்தது. 2021 நவம்பரில் வந்த அதன் இயங்குதளப் பதிப்பு லிப்கேமராவுக்கு மாறியது. ஒளியளவையும் நிறத்தையும் கணிக்கும் முறைகள் மூலநிரலோடு வெளியாயின. ஒவ்வோர் உணரிக்கும் உரிய திருத்த எண்கள் எழுத்துக்கோப்பாகவே அதன்கண் உள. படத்திற் செம்மை மிகுந்ததென்று கருதும் மாணாக்கன் அக்கோப்பைத் திறந்து எண்ணை மாற்றி, மீண்டும் ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம்.