தனித்தனி டாக்டர்கள் போதாது, குழு வேண்டும்!

இயந்திரத்தில் சிக்கிக் கை துண்டான தொழிலாளிக்கு எத்தனை டாக்டர்கள் தேவை? எலும்பைப் பொருத்த ஒருவர். ரத்தக் குழாயை இணைக்க ஒருவர். சதையும் தோலும் ஒட்ட ஒருவர். மயக்க மருந்து கொடுத்து உயிரைக் காக்க ஒருவர். இவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஆற அமர வந்து சேர்ந்தால் கை அழுகிப்போகும். ஒரே மேஜையைச் சுற்றி நின்றால்தான் கை பிழைக்கும்.

இது சரித்திரம் நிரூபித்த உண்மை. 1963 ஜனவரியில் ஷாங்காய் நகரத் தொழிலாளி ஒருவரின் வலக்கை இயந்திரத்தில் சிக்கித் துண்டானது. அந்நகரின் ஆறாவது மக்கள் ஆஸ்பத்திரியில் எலும்பு சர்ஜன் சென் சுங் வெய்யும், ரத்தக் குழாய்களை இணைத்த சர்ஜன் சியென் யுன் சிங்கும் தோழர்களுடன் பல மணி நேரம் பாடுபட்டு அதை மீண்டும் பொருத்தினார்கள். அந்தக் கை மறுபடியும் வேலை செய்தது!

முதலாளித்துவ பிரிட்டனும் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ள நேர்ந்தது. யுத்த உற்பத்தி மும்முரமாக நடந்த 1941ல் பர்மிங்ஹாமில் விபத்துக்கென்றே தனி ஆஸ்பத்திரி திறந்தார்கள். அது 1993ல் மூடப்பட்டது. ஆனால் 2012ல் இங்கிலாந்து முழுவதும் பெருங்காய சிகிச்சை மையங்களை இணைத்து அமைக்க வேண்டியதாயிற்று. கால் எலும்பு முறிந்து வெளியே தெரிந்தால், எலும்பு சர்ஜனும் பிளாஸ்டிக் சர்ஜனும் முதல் ஆபரேஷனிலேயே சேர்ந்து நிற்க வேண்டும், 72 மணி நேரத்துக்குள் காயத்தைச் சதையால் மூட வேண்டும் என்பது அங்குள்ள விதி. தாமதித்தால் எலும்பில் சீழ் பிடிக்கும். காலையே எடுக்க நேரிடும்.

நம் நாட்டில் நிலைமை என்ன? ஆலையில் இயந்திரம் செய்வதைச் சாலையில் லாரி செய்கிறது. 2022ல் மட்டும் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். கைகால் இழந்தவர்கள் தனி. 2025 மே மாதம் மத்திய சர்க்கார் ஒரு திட்டத்தை அறிவித்தது. ஒன்றரை லட்ச ரூபாய் வரை, ஏழு நாள் வரை ரொக்கமில்லாச் சிகிச்சை! வரவேற்கிறோம். ஆனால் நொறுங்கிய கால் கூடுவதற்கு மாதக் கணக்காகுமே, எட்டாம் நாள் கூலித் தொழிலாளி எங்கே போவான்?

"பணத்தைக் கொடுங்கள், தனியார் ஆஸ்பத்திரிகள் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்" என்கிறார்கள் சிலர். பணம் பில்லைத் தீர்க்கும். நள்ளிரவில் குழுவைக் கொண்டுவந்து நிறுத்தாது. நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் நான்கு நிபுணர்களுக்குச் சம்பளம் கொடுத்துக் காத்திருக்க லாபக் கணக்கு இடம் தராது. தீயணைப்பு வண்டி இன்று சும்மா நிற்கிறதே என்று யாராவது அதை விற்றுவிடுவார்களா? காத்திருப்பதும் ஒரு சேவையே. அதைப் பொதுத்துறைதான் தாங்கும்.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: ஒவ்வொரு மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலும் இரவு பகலாக விபத்துக் குழு வேண்டும். காலியிடங்களை நிரந்தர டாக்டர்களையும் நர்ஸுகளையும் கொண்டு நிரப்ப வேண்டும். ரத்த வங்கி தயாராக இருக்க வேண்டும். காயம் ஆறும் வரை சிகிச்சை இலவசமாக வேண்டும்.

உழைப்பவனின் கையும் காலும்தான் அவனுடைய ஒரே சொத்து. அதைக் காப்பது சர்க்காரின் கடமை. அந்தக் கடமையைச் செய்ய வைக்க ஒன்றுபட்டுக் குரல் எழுப்புவோம்!